பூ மார்க்கெட்டைக் கேட்காமல் பஸ் ஸ்டாண்டைத் தொடாதீர்கள்

திண்டுக்கல் நகர மையத்தின் நாளைய வரைபடத்தை யார் எழுதுகிறார்கள்? மாமன்றத்தின் முன் நிற்கும் பெரிய கேள்வி

காமராஜர் பஸ் ஸ்டாண்டுக்குள் விடிகாலை டவுன் பஸ்கள் வந்து நிற்கும்போதே, அருகிலுள்ள அண்ணா வணிக வளாகத்தில் தராசு ஆடத் தொடங்கிவிடும். ஈரத்துணி மூடிய கூடையில் மல்லிகை, சாக்கில் திணித்த செண்டுமல்லி, கோழிக்கொண்டை, கத்தையாகக் கட்டிய மரிக்கொழுந்து. பூ மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வருகிறவர்கள் கடைக்காரரிடம் பேசி நிற்பதில்லை. அவர் எடை போடுகிறார், சிட்டை எழுதுகிறார், அடுத்த மூட்டை வந்து விழுகிறது. வளாகத்தின் வாசலில் பெண்கள் ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று உதிரிப்பூ வாங்கிப் பையில் கட்டிக்கொண்டு மறுபடியும் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடக்கிறார்கள். வீட்டுக்குப் போய்த் தொடுத்து, மாலைக்குள் முழமாக விற்றாக வேண்டும்.

மல்லிகைக்குக் கெடு உண்டு. மொட்டாக இருக்கும்போதே பறித்து, மொட்டாகவே கைமாற வேண்டும். பொழுது சாய்ந்தால் விரிந்துவிடும். விரிந்த பூவை யாரும் விலைக்குக் கேட்க மாட்டார்கள். முகூர்த்த நாளில் எகிறும் விலை மறுநாளே தரைக்கு வந்துவிடும் வியாபாரம் இது. இதில் அரை மணி நேரத் தாமதம் என்பது கையிலிருக்கும் காசு போவதுதான். அதனால்தான் பூ மார்க்கெட்டும் பஸ் ஸ்டாண்டும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. தோட்டத்திலிருந்து வரும் பூவுக்கும், தொடுப்பவர் கைக்குப் போகும் பூவுக்கும், கேரளத்துக்கும் வெளியூருக்கும் ஏறும் பூவுக்கும் வண்டி இங்கேதான் நிற்கிறது.

இந்தப் பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்ற பேச்சு திண்டுக்கல்லில் பல ஆண்டுகளாக இருக்கிறது. நெரிசல் கூடும்போதெல்லாம் எழும், தேர்தல் வந்தால் உரக்கக் கேட்கும், பிறகு அடங்கும். ரத வீதிகளின் ஆக்கிரமிப்பு, காந்தி மார்க்கெட், மாநகராட்சிக் கடைகளின் ஏலம், தள்ளுவண்டிகளை அப்புறப்படுத்துவது என்று நகர மையத்தைப் பற்றிய மற்றப் பேச்சுகளும் அப்படித்தான் வந்து போகின்றன. ஒவ்வொன்றும் தனித்தனிப் பிரச்சினையாகவே பேசப்படுகிறது. என் வருத்தம் அதில்தான். பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட், ரத வீதி மூன்றும் ஒரே பிழைப்பின் மூன்று முனைகள். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் ஆடும். அதை ஒன்றாக வைத்துப் பேசுகிற மேசை இந்த ஊரில் இன்னும் போடப்படவில்லை. போட வேண்டிய இடம் மாமன்றம்.

பாறைக்கும் ரயிலுக்கும் நடுவே

திண்டுக்கல்லின் நடு ஊர் இன்று இருக்கும் வடிவத்துக்கு யாரும் திட்டம் போடவில்லை. மேற்கே பாறை. மதுரை நாயக்கர் முத்து கிருஷ்ணப்பர் 1605-ல் கோட்டை கட்டத் தொடங்கியது அதன் மேல்தான். 1755-ல் மைசூர்ப் படையோடு ஹைதர் அலி வந்து இங்கே அமர்ந்தார். 1792-ல் கோட்டையும் சீமையும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போயின. கோட்டையின் காலடியில் குடியிருப்பும் கடைவீதியும் வளர்ந்தன. பிறகு 1875-ல் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்தது. தண்டவாளம் ஊருக்குக் கிழக்கே ஓடியதால், பாறையடியிலிருந்த ஊர் ரயிலை நோக்கி நீண்டது. புகையிலைக் கம்பெனிகளும் தோல் ஷாப்புகளும் பூட்டுப் பட்டறைகளும் அந்த நீட்சியின் மேல் ஏறின. சுருட்டுக் கம்பெனி போன பின்னும் ஸ்பென்சர் காம்பவுண்ட் என்ற பெயர் போகவில்லை. மணிக்கூண்டு, மெங்கில்ஸ் ரோடு, பழனி ரோடு, நாகல்நகர் என்று நடந்தால் இந்த அடுக்குகள் எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிடலாம்.

நகராட்சி 1866-ல் வந்தது. தமிழ்நாட்டின் மூத்த நகராட்சிகளில் ஒன்று. 1901-ல் ஊரின் மக்கள்தொகை சுமார் 25 ஆயிரம். 2011 கணக்கெடுப்பில் 2,07,327. மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது 2014-ல். பெயர் மாறியதே தவிர எல்லை மாறவில்லை. அதே ஏறக்குறைய 14 சதுர கிலோமீட்டர், அதே 48 வார்டுகள். பக்கத்து மதுரை மாநகராட்சி 2011-ல் விரிந்தபோது ஏறக்குறைய 148 சதுர கிலோமீட்டர் ஆனது. திண்டுக்கல் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இந்தச் சின்ன எல்லைக்குள் இருக்கும் மையத்தை யார் பயன்படுத்துகிறார்கள்? பாலகிருஷ்ணாபுரம், செட்டிநாயக்கன்பட்டி, சீலப்பாடி, அடியனூத்து, பள்ளப்பட்டி என்று ஊரைச் சுற்றியிருக்கும் ஊராட்சிகளில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. அங்கே குடியிருப்பவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும், நகை எடுப்பதும், ஆஸ்பத்திரிக்கு வருவதும் இங்கேதான். இன்னும் தள்ளி வேடசந்தூர், ஆத்தூர், ரெட்டியார்சத்திரம், நத்தம் பக்கத்து விவசாயிக்குச் சந்தையும் இதுதான். இவர்களில் ஒருவருக்கும் மாநகராட்சித் தேர்தலில் ஓட்டு இல்லை. நடு ஊரைப் பற்றி 48 பேர் எடுக்கும் முடிவு, அவர்களைத் தேர்ந்தெடுக்காத லட்சக்கணக்கானவர்களின் தலையில் இறங்குகிறது. ஆகவே மன்றம் தன் வார்டுக்காரர்களை மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுத்தால் போதாது. இதைக் கவுன்சிலர்கள் சிரமமாக நினைக்கலாம். ஆனால் மாவட்டத் தலைநகரின் மன்றத்தில் உட்கார்வது என்றால் இந்தப் பொறுப்பும் சேர்ந்துதான் வருகிறது.

மன்றம் இல்லாத ஐந்து ஆண்டுகள்

2014-ல் மாநகராட்சியானபோது நகராட்சித் தலைவராக இருந்த மருதராஜ் முதல் மேயர் ஆனார். 2016 அக்டோபரில் அந்த மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல்தான் நடந்தது. இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல், தமிழ்நாட்டின் மற்ற நகரங்களைப் போலவே, தனி அலுவலர் ஆட்சி. மாநகராட்சி என்ற தகுதியோடு திண்டுக்கல் மக்கள் நேராக ஓட்டுப் போட்டு உருவாக்கிய முதல் மன்றம் 2022 மார்ச்சில் பொறுப்பேற்றதுதான். மேயராக இளமதியும் துணை மேயராக ராஜப்பாவும் வந்தார்கள்.

அந்த இடைவெளி சாதாரணமானதல்ல. நகரங்களுக்குப் பெரும் பணம் பாய்ந்த காலம் அது. 2015-ல் மத்திய அரசு அறிவித்த ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்குத் தமிழ்நாடு 12 நகரங்களை முன்மொழிந்தது. அதில் திண்டுக்கல்லும் ஒன்று. போட்டியின் முடிவில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி, சேலம், தஞ்சாவூர், வேலூர், திருப்பூர், ஈரோடு, நெல்லை, தூத்துக்குடி என்று 11 நகரங்கள் தேறின. விடுபட்டது திண்டுக்கல் மட்டும். மதுரையில் பெரியார் பஸ் ஸ்டாண்ட் புதிதாக எழும்பியதையும், தஞ்சாவூரில் வேலைகள் நடந்ததையும் திண்டுக்கல்காரர்கள் பஸ்ஸில் போகும்போது பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

ஆனால் அந்தத் தோல்வியில் எனக்கு முழு வருத்தம் இல்லை. ஸ்மார்ட் சிட்டி வேலைகளை நடத்தியது தனிக் கம்பெனி அமைப்பு. மன்றத்துக்கு வெளியே நின்று ஒப்பந்தம் போட்ட அமைப்பு. பல ஊர்களில் பழைய மார்க்கெட்டை இடித்துக் கட்டும் முடிவு, கடைக்காரருக்கு நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரு வரை தெரிந்தது. திண்டுக்கல்லின் மையம் இன்னும் தொடப்படாமல் இருப்பதால், யோசித்துத் தொடும் வாய்ப்பு இந்த ஊருக்கு மிச்சம் இருக்கிறது.

மத்திய அரசின் அம்ருத் திட்டப் பட்டியலில் திண்டுக்கல் இருக்கிறது. குடிநீர், கழிவுநீர், பூங்கா ஆகியவற்றுக்கான அந்தத் திட்டத்துக்குள், செயற்கைக்கோள் படத்தை அடிப்படையாக வைத்து நகரத்துக்கு முழுமைத் திட்டம் தயாரிக்கும் துணைத் திட்டமும் உண்டு. முழுமைத் திட்டம் என்பது நகரத்தின் ஜாதகம். எந்தத் தெரு வீட்டுக்கு, எந்தத் தெரு கடைக்கு, எங்கே ரோடு அகலும், எங்கே பஸ் நிற்கும் என்பதெல்லாம் அதில்தான் எழுதப்படும். அதை எழுதுவது யார் என்று கேட்டால் பலருக்கும் விடை தெரியாது. 1971-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி அது உள்ளூர் திட்டக் குழுமத்தின் வேலை, சென்னையிலிருக்கும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் மேற்பார்வை, அரசின் ஒப்புதல். அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் நகராட்சிகளுக்குத் தரலாம் என்று 18 பணிகளைப் பட்டியலிட்டது. அதில் முதல் பணியே நகரத் திட்டமிடல்தான். தருவதும் தராததும் மாநிலத்தின் கையில். முப்பது ஆண்டுகள் கடந்தும் தமிழ்நாட்டில் அந்த முதல் வரி மன்றத்தின் கைக்கு முழுதாக வந்து சேரவில்லை.

மன்றத்தில் ஒரு பொருள் எப்படிப் போகிறது

மாமன்றக் கூட்டத்துக்கு முன் கவுன்சிலர்கள் கைக்குப் பொருள் நிரல் வருகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் கீழே அலுவலகக் குறிப்பு, அதற்கும் கீழே மன்றத்தின் முடிவுக்கு வைக்கப்படுகிறது என்று ஒரு வரி. பஸ் ஸ்டாண்ட் கடைகளுக்கு ஏல ஒப்புதல் ஒரு பொருள். மார்க்கெட்டில் கழிப்பறை பராமரிப்பு இன்னொரு பொருள். ஒரு தெருவில் வடிகால், வேறொரு தெருவில் பேவர் பிளாக். ஏற்கெனவே முடிந்துவிட்ட வேலைக்குப் பின்னேற்பு கேட்டும் வரும். கூட்டத்தில் முதல் அரை மணி நேரம் குடிநீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதில் போகும். போக வேண்டியதும்தான், வார்டில் கவுன்சிலரை மறித்துக் கேட்கப்படும் முதல் கேள்வி அதுவே. பிறகு குரல் உயரும். எதிர்க்கட்சி வெளிநடப்புச் செய்யும். மிச்சப் பொருள்கள் மொத்தமாக நிறைவேறும். தமிழ்நாட்டில் எந்த மாநகராட்சியிலும் இதற்குப் பெயர் ‘ஆல் பாஸ்’.

2022-ல் சொத்து வரி உயர்வு வந்தபோது எல்லா மன்றங்களும் ஒரே நிலையில் நின்றன. உயர்வை அரசு ஏப்ரல் முதல் தேதியன்றே அறிவித்துவிட்டது. நிதிக்குழு மானியம் வேண்டுமென்றால் வரியைச் சீரமைத்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. பதவியேற்று ஒரு மாதமே ஆன கவுன்சிலர்கள் தீர்மானம் போட்டார்கள். தெருவில் ஏச்சு வாங்கியவர்களும் அவர்கள்தான். முடிவு ஓரிடத்தில், பழி ஓரிடத்தில் என்ற இந்த ஏற்பாட்டுக்குப் பழகிய மன்றம், நகர மையத்தின் திட்டம் வரும்போதும் அதையே செய்துவிடும் என்பதுதான் என் பயம்.

கடை ஏலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சிக் கடையை மூன்றாண்டுக்கு ஒருமுறை வாடகை உயர்த்திப் புதுப்பிப்பது, ஒன்பது ஆண்டு முடிந்தால் பொது ஏலத்துக்கு விடுவது என்பது நெடுங்காலம் இருந்த நடைமுறை. காகிதத்தில் நியாயமாக இருக்கிறது. ஏலத்தில் அதிகம் கேட்டவருக்குக் கடை. ஆனால் பஸ் ஸ்டாண்டுக்குள் அதிகம் கேட்கக்கூடியவர் யார்? முன்பணமாக லட்சங்களைக் கட்ட முடிந்தவர். அவர் எடுத்து உள்வாடகைக்கு விடுவார். டீக்கடைக்காரரும் பழக்கடைக்காரரும் அந்த வாடகையைப் பயணியின் தலையில் வைப்பார்கள். மாநகராட்சிக்கு வர வேண்டிய பணத்தின் ஒரு பங்கு இடையில் நின்றுவிடும். நகர மையத்தில் யார் கடை வைக்க வேண்டும் என்ற கேள்வி, எவ்வளவு கேட்கிறார்கள் என்ற கேள்வியாகச் சுருங்கிப்போகிறது. அந்தச் சுருக்கத்தை விரித்துப் பேச மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்குச் சட்டம் எதுவும் மாற வேண்டியதில்லை. கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

கள்ளிக்குடி சொல்லும் பாடம்

மார்க்கெட்டைப் பெயர்ப்பது என்றால் என்னவென்று திண்டுக்கல் தெரிந்துகொள்ள நூறு கிலோமீட்டர் போனால் போதும். திருச்சி காந்தி மார்க்கெட்டின் நெரிசலைத் தீர்க்க, மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடியில் சுமார் 77 கோடி ரூபாய் செலவில் அரசு மொத்தவிலை வளாகம் கட்டியது. 2017 செப்டம்பரில் திறந்தும் வைத்தது. நூற்றுக்கணக்கான கடைகள், லாரி நிற்க இடம், குளிர்பதன அறை. காந்தி மார்க்கெட் வியாபாரிகள் போகவில்லை. வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. கட்டிய கடைகள் பூட்டியே கிடந்தன.

ஏன் போகவில்லை? பிடிவாதம் என்று அதிகாரிகள் தரப்பில் சொல்லப்பட்டது. பிடிவாதமும் இருந்திருக்கும். ஆனால் காந்தி மார்க்கெட்டில் மொத்த வியாபாரியை நம்பிச் சில்லறை வியாபாரி இருந்தார். இருவரையும் நம்பிச் சுமைதூக்குகிறவர், தட்டு வண்டிக்காரர், டிபன் கடைக்காரர் இருந்தார்கள். எல்லோரும் பஸ்ஸில் வந்து போகிறவர்கள். கள்ளிக்குடிக்கு மார்க்கெட் கட்டடம் போனது, பஸ் ஸ்டாண்ட் போகவில்லை. பிறகு அரசே பாதை மாற்றியது. பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பஸ் முனையத்தைக் கட்டி 2025-ல் திறந்தது. புதிய மொத்தவிலைக் காய்கறி மார்க்கெட்டுக்கும் அதை ஒட்டியே இடம் குறித்தது.

மற்ற ஊர்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே கதைதான். சென்னையில் கொத்தவால் சாவடி 1996-ல் கோயம்பேட்டுக்குப் போனது. போக வைப்பதற்குத் தனிச் சட்டமே வந்தது. 2002-ல் பஸ் நிலையமும் அங்கேயே போனது. மதுரையில் 1999-ல் மாட்டுத்தாவணிக்குப் பஸ் ஸ்டாண்ட் போயிற்று. பின்னால் பூவும் காய்கறியும் அங்கே போய்ச் சேர்ந்தன. சந்தையும் பஸ்ஸும் இணைபிரியாதவை. ஒன்றை மட்டும் பிடுங்கி நட்டால் மற்றது அதைத் தேடிப் போகும், அல்லது இரண்டுமே வாடும். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் திறந்தபோது ரயில் நிலையமோ மெட்ரோவோ கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. குழந்தையையும் மூட்டையையும் சுமந்து நள்ளிரவில் அங்கே இறங்கியவர்கள் பட்ட பாட்டைத் தென் மாவட்டத்துக்காரர்கள் எவரும் மறக்க மாட்டார்கள்.

பாரிஸ் நகரத்துக்கே இது நடந்திருக்கிறது. ‘லே ஆல்’ என்ற மாபெரும் நடு ஊர் மார்க்கெட்டை 1969-ல் புறநகர் ரன்ஜிஸுக்கு மாற்றினார்கள். 1971 முதல் பழைய இரும்பு மண்டபங்களை இடித்தார்கள். இடித்த இடத்தில் பல ஆண்டுகள் பெரும் பள்ளம் கிடந்தது. 1979-ல் அங்கே வந்த வணிக வளாகமும் ஊர் மனசுக்கு ஒட்டாமல், மறுபடி மாற்றிக் கட்டி 2016-ல்தான் கூரை போட்டார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. அந்த முடிவுகள் எடுக்கப்பட்ட காலத்தில் பாரிஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் கிடையாது. 1977-ல்தான் வந்தார். அதுவரை அரசு நியமித்த அதிகாரிகள் கையில்தான் நகர நிர்வாகம். தனி அலுவலர் ஆட்சி என்ன செய்யும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

பூக்காரம்மாவின் கணக்கு

பஸ் ஸ்டாண்டை வெளியே கொண்டுபோகச் சொல்கிறவர்களிடமும் நியாயம் இருக்கிறது. பழனி, தேனி, குமுளி, கோவை, கரூர், திருச்சி, மதுரை, நத்தம் என்று எல்லாத் திசை வண்டிகளும் குறுகிய ரோடுகள் வழியாக நடு ஊருக்குள் நுழைந்து திரும்புகின்றன. தைப்பூசக் காலத்தில் பழனிக்குப் பாதயாத்திரை போகும் பக்தர்களும் இதே ஊர் வழியாக நடக்கிறார்கள். ஆம்புலன்ஸ் மாட்டிக்கொள்ளும்போது உள்ளே இருப்பவரின் வீட்டாருக்கு நகர நாகரிகம் பற்றிய பேச்சு காதில் ஏறாது. நான்குவழிச் சாலை வந்த பிறகு, இரவு நேரத்தில் தொலைதூர வண்டிகள் திண்டுக்கல் பயணியைப் பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போகும் கொடுமையும் உண்டு. நெடுஞ்சாலை ஓரத்தில் வெளிச்சமும் கழிப்பறையும் ஆட்டோவும் உள்ள ஒரு நிலையம் இருந்தால் அவர்களுக்கு எவ்வளவோ நிம்மதி.

ஆகவே தொலைதூர பஸ்ஸுக்கு வெளியே ஒரு நிலையம் வரட்டும். நானும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் டவுன் பஸ்ஸும் சுற்றுவட்டார வண்டியும் இப்போதிருக்கும் இடத்தில் நிற்க வேண்டும். காரணம் எளிய கணக்கு. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கிராமத்திலிருந்து உதிரிப்பூ வாங்க வரும் பெண்ணுக்கு இன்று போக்குவரத்துச் செலவு சுழி. அந்த பஸ் ஊருக்கு வெளியே நின்றுவிட்டால், உள்ளே வரவும் திரும்பிப் போகவும் ஷேர் ஆட்டோ. பையோடு ஏறினால் கூடுதல் காசு. இரண்டு கிலோ பூ தொடுத்து விற்றுக் கிடைக்கும் லாபத்தில் அது எவ்வளவு என்பதை எந்தத் திட்ட அறிக்கையும் கணக்குப் போடாது. கணக்குப் போடச் சொல்ல வேண்டியவர் கவுன்சிலர்தான்.

பூ என்பது இந்த ஊருக்கு வெறும் சரக்கும் இல்லை. மாசித் திருவிழாவில் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சொரிதல் நடக்கும்போது, மார்க்கெட்டில் விற்ற பூ பூத்தேராகித் தெருவில் வரும். அந்தத் தேர் வரும் வீதிகளில்தான் ஆக்கிரமிப்பு அகற்றமும் நடக்கிறது, தரைக்கடையும் நடக்கிறது.

தரைக்கடைக்காரர்களுக்கு 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. கணக்கெடுப்பு முடியாமல் யாரையும் அகற்றக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் பத்துக்கு நான்கு பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் பேர் வரை இடம் தரத் திட்டம் போட வேண்டும். திண்டுக்கல்லின் 2011 கணக்குக்கு அது சுமார் 5,180 பேர். நெடுநாளாக வாங்குவோரும் விற்போரும் தாமாகவே கூடும் இடத்தை ‘இயற்கைச் சந்தை’ என்று இந்தச் சட்டம் அழைக்கிறது. கணக்கெடுப்பில் அப்படி அடையாளம் கண்ட இடத்தை விற்பனை தடைப் பகுதி என்று அறிவிக்கக் கூடாது. பூ மார்க்கெட் வாசலில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் பெண்களின் இடத்துக்கு இந்த வரி பொருந்தும் என்றுதான் நான் படிக்கிறேன். ஜேசிபி வருவதற்கு முன் அதை மன்றத்தில் எழுந்து வாசிக்க ஒருவர் வேண்டும்.

மன்றம் கையில் எடுக்கக்கூடிய ஆயுதம்

முழுமைத் திட்டம் மன்றத்தின் கையில் இல்லை என்றேன். ஆனால் அதே 1971 சட்டத்தில் ‘விரிவான வளர்ச்சித் திட்டம்’ என்று ஒன்று இருக்கிறது. முழு நகரத்துக்கும் போகாமல், ஒரு பகுதியை மட்டும் எடுத்து, தெரு தெருவாக, புல எண் புல எண்ணாகப் போடும் திட்டம். பாறைக்கும் ரயிலடிக்கும் நடுவிலுள்ள பகுதிக்கு அப்படி ஒரு திட்டம் வேண்டும் என்று மாமன்றம் தீர்மானம் போட்டு உள்ளூர் திட்டக் குழுமத்துக்கு அனுப்பலாம். பஸ் ஸ்டாண்ட், அண்ணா வணிக வளாகம், காந்தி மார்க்கெட், ரத வீதிகள், கோட்டைக்குளம் எல்லாம் ஒரே வரைபடத்துக்குள் வரும். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் 2010 திருத்தப்படி அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. பாறையடியில் வீடு வைத்திருக்கும் ஏழைகள் ஓட்டுக் கூரையை மாற்றக்கூட அலைவது இதனால்தான். அவர்களுக்கும் அந்த வரைபடத்தில் ஒரு பதில் எழுத வேண்டும்.

அந்த 1971 சட்டத்தில் இன்னொரு பிரிவையும் கவுன்சிலர்கள் படித்து வைத்துக்கொள்வது நல்லது. 38-வது பிரிவு. ரோட்டுக்காகவோ பூங்காவுக்காகவோ திட்டத்தில் ஒதுக்கிய தனியார் நிலத்தை, அறிவிப்பு வந்த மூன்று ஆண்டுகளுக்குள் கையகப்படுத்தும் நடவடிக்கை எடுக்காவிட்டால், ஒதுக்கீடு தானாகக் கழன்றுவிடும். தமிழ்நாட்டு நகரங்களில் வரைபடத்தில் அகலமாகவும் தரையில் குறுகலாகவும் கிடக்கும் ரோடுகளுக்கு இதுவும் ஒரு காரணம். பணம் ஒதுக்காமல் கோடு மட்டும் போட்ட திட்டம் மூன்று வருஷத்துக் காகிதம். எனவே திட்டத்தோடு, எந்த ஆண்டு பட்ஜெட்டில் எந்த நிலத்துக்குப் பணம் என்ற பட்டியலையும் மன்றம் கேட்டு வாங்க வேண்டும்.

முழுமைத் திட்ட வரைவு வெளியானால் ஆட்சேபனை சொல்லக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் உண்டு. அறிவிப்பு அரசிதழிலும் நாளிதழிலும் வரும். அரசிதழ் படிக்கிற பூ வியாபாரியை நான் பார்த்ததில்லை. அதற்குத்தான் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபா இருக்கிறது. 2022 நவம்பர் 1-ம் தேதி, உள்ளாட்சி தினத்தில், தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபாக்கள் கூட்டப்பட்டன. பம்மலில் முதல்வரே உட்கார்ந்து கேட்டார். தெருவிளக்கு, குப்பை, சாக்கடை என்று மனு வாங்குவதோடு அந்தக் கூட்டங்கள் நின்றுவிடுகின்றன. நகர மையத்தின் வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, உன் கடை இதில் எங்கே இருக்கிறது, உன் பஸ் எங்கே நிற்கும் என்று காட்டும் ஒரு பகுதி சபாவை மெங்கில்ஸ் ரோட்டிலும், பேகம்பூரிலும், நாகல்நகரிலும் நடத்தலாம். ஒன்றைப் பூ மார்க்கெட்டுக்குள்ளேயே நடத்த வேண்டும். காலை பத்து மணிக்குப் பிறகு, வியாபாரம் ஓய்ந்த நேரத்தில்.

மன்றத்தில் நகரமைப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது. கடை ஏலம், பஸ் ஸ்டாண்ட், தரைக்கடை, மார்க்கெட் பற்றிய பொருள்களை மாமன்றத்துக்குக் கொண்டுவருவதற்கு முன் அந்தக் குழு ஒன்றாக எடுத்துப் பேசட்டும். சுற்று ஊராட்சிகளின் பிரதிநிதிகளையும், விவசாயிகளையும், போக்குவரத்துக் கழக அதிகாரியையும், பூட்டுப் பட்டறைக்காரர்களையும் அழைத்து உட்கார வைக்கட்டும். பேசியது அத்தனையும் நடவடிக்கைக் குறிப்பில் ஏறட்டும். யார் ஆட்சேபித்தார், என்ன காரணம் சொன்னார் என்பது உட்பட. நாளைக்கு ஒரு வழக்கு வந்தால் நீதிமன்றத்துக்கு அந்தக் குறிப்பு பேசும்.

2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றத்துக்கு 2027 மார்ச் வரைதான் காலம். அடுத்த தேர்தல் உரிய நேரத்தில் நடக்கும் என்று 2016-க்குப் பிறகு எந்தத் திண்டுக்கல்காரரும் உறுதியாகச் சொல்ல மாட்டார். மறுபடி தனி அலுவலர் வந்து உட்கார்ந்தால், பஸ் ஸ்டாண்டை மாற்றும் கோப்பில் கையெழுத்துப் போட ஒரே ஒரு பேனா போதும். பாறைக்கும் ரயிலடிக்கும் நடுவே விரிவான வளர்ச்சித் திட்டம் கேட்கும் தீர்மானம் அதற்கு முன்பே மன்றத்தில் நிறைவேறியாக வேண்டும். பொருள் நிரலில் அது தனிப் பொருளாக, முதல் பொருளாக வரட்டும். அன்றைக்கு அதை ஆல் பாஸில் சேர்க்காமல், 48 பேரும் எழுந்து பேசட்டும்.